இரண்டாவது நோட்டு

அப்பா தாராபுரத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். போர் மோட்டார், கிணற்று மோட்டார், மாவுமில் மோட்டார் என்று எது எரிந்துபோனாலும் அங்கே வரும். பழைய காயிலை அறுத்தெடுக்கும்போதே எத்தனை ஸ்லாட், ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ் என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். விட்டால் திரும்பக் கட்ட முடியாது. அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும்.

2022-இல் அவர் இறந்தபின், கருமாதி முடிந்த மறுநாள், கடை மேஜையில் இருந்து அப்படி ஒரு நோட்டை எடுத்து வந்தேன். 2017 ஜனவரி முதல் 2018 டிசம்பர் வரையிலான கணக்கு. பெரும்பாலும் எண்கள்தான். ஓரத்தில், தேதிக்குப் பக்கத்தில் சில குறிகள் இருந்தன. மொத்தம் ஏழு விதம். அவற்றில் ஆறை ஒரே வாரத்தில் படித்துவிட்டேன். டிக் போட்டால் பணம் வந்துவிட்டது. இரண்டு கோடு என்றால் பாதிப் பணம். முக்கோணம் என்றால் வார்னிஷ் அடித்துக் காயப்போட்டது. கடையில் இருபது வருஷம் கூடவே இருந்த மணி அண்ணன் பார்த்துத் தலையாட்டினார்.

ஏழாவது குறி மட்டும் அவருக்கும் தெரியவில்லை. ஒரு வட்டம், உள்ளே ஒரு புள்ளி, கீழே சின்ன வால். அதன் பக்கத்தில் மோட்டார் இல்லை, ஆள் பெயர் இல்லை, தொகை இல்லை. தேதி மட்டும். இரண்டு வருஷத்தில் 74 முறை.

"அப்பாவக் கேட்டாச் சிரிப்பாருங்க தம்பி. சொல்ல மாட்டாரு" என்றார் மணி அண்ணன்.

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு குறைவு. சண்டை என்று ஒன்றும் இல்லை. நான் இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரு போனேன். கடையை நான் எடுத்து நடத்துவேன் என்று அவர் நினைத்திருந்தாரா என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போன் செய்தால் "சாப்டியா? செரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்" என்பார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் அந்த இரண்டு வாக்கியம்தான் எங்களுக்குள் ஓடியது.

குறி போட்ட தேதிகளை ஒரு எக்செல் தாளில் ஏற்றினேன். முக்கால்வாசி ஞாயிறும் திங்களும். ஞாயிறு என்றதும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. நான் வீட்டுக்குப் பேசுவது பெரும்பாலும் ஞாயிறு இரவுதானே! அம்மாவுடனான வாட்ஸ்அப் செய்திகள், பழைய ரயில் டிக்கெட் மெயில்கள் எல்லாவற்றையும் தோண்டி, நான் பேசிய, ஊருக்கு வந்த நாட்களைத் திரட்டினேன். சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி இரண்டையும் ஒப்பிட்டேன். 74-இல் 49 அதே நாளில் விழுந்தது. இன்னும் 14 மறுநாளில். ராத்திரி பேசியதை மறுநாள் கடையில் வந்து குறித்திருப்பார் என்று வைத்துக்கொண்டேன். மீதி 11-க்கும் ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அம்மா, நான் பேசுற நாளையெல்லாம் அப்பா நோட்டுல குறிச்சு வெச்சிருக்காரு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அப்பிடியா சாமி" என்றாள்.

*

அந்தப் பெருமிதத்தில்தான் நான் படிக்கப்படாத எழுத்துகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். நானும் ஒரு குறியைப் படித்தவன் அல்லவா! மைக்கேல் கோ எழுதி 1992-இல் வந்த 'பிரேக்கிங் த மாயா கோட்' முதலில் கையில் கிடைத்தது. மாயா எழுத்து எப்படிப் படிக்கப்பட்டது என்பதன் கதை. அதன் நாயகர்களில் ஒருவர் லெனின்கிராடைச் சேர்ந்த யூரி க்னோரோஸோவ். மெக்சிகோவை அப்போது கண்ணால்கூடப் பார்த்திராதவர். 1952-இல் அவர் செய்த காரியம் பார்க்க எளிமையாக இருக்கும். மாயா மொழியில் பதினொன்றுக்கு 'புலுக்'. டிரெஸ்டன் சுவடியில் 11 என்ற எண் வரவேண்டிய ஓர் இடத்தில் மூன்று குறிகள், முதலாவது அழிந்துவிட்டது. அப்படியானால் மற்ற இரண்டும் 'லு', 'கு' ஆக இருக்க வேண்டும். அந்தக் 'கு' வேறொரு பக்கத்தில் வான்கோழிப் படத்துக்கு மேல் வருகிறது. வான்கோழி 'குட்ஸ்'. ஆக, 'கு'வுக்கு அடுத்தது 'ட்ஸு'. அந்த 'ட்ஸு' நாய்ப் படத்துக்கு மேல் முதல் குறியாக வருகிறது. கூடவே ஏற்கெனவே தெரிந்த 'லு'. 'ட்ஸுல்' என்றால் நாய்.

மூன்று இடம், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஓரிடத்தில் கண்டுபிடித்தது, கண்டுபிடித்தவன் தொடாத இன்னோர் இடத்தில் தானாகவே வேலை செய்கிறது. இதை அப்போது ஒரு சுவாரசியமான துப்பறியும் கதையாகத்தான் வாசித்தேன். அதன் அர்த்தம் பிற்பாடுதான் உறைத்தது.

மாயாக்களிடமிருந்து நூல் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். அவர்களுக்கும் முன்னால் மெக்சிகோ வளைகுடாவின் ஈரச் சமவெளியில் ஓல்மெக்குகள் இருந்தார்கள். ஸான் லொரென்ஸோ, லா வெந்தா என்ற அவர்களின் பெரும் ஊர்கள் கி.மு. 1200-இலிருந்து 400 வரை அடுத்தடுத்துச் செழித்திருந்தன. ஆளைவிட உயரமான கல் தலைகளைச் செதுக்கியவர்கள் அவர்கள்தான். அவர்கள் மறைந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அதே நிலத்தில், தெகுவான்தெபெக் பூசந்தியை ஒட்டி ஓர் எழுத்து தென்படுகிறது. அந்த நிலத்தை வைத்தே அதற்கு இஸ்துமிய எழுத்து என்று பெயர். எப்பி-ஓல்மெக் எழுத்து என்றும் சொல்வார்கள்.

1902-இல் துஸ்த்லா மலைப்பகுதியில் ஒரு விவசாயி உழும்போது உள்ளங்கைக்கு மேல் கொஞ்சம் நீளமான ஒரு பச்சைக்கல் பொம்மை கிடைத்தது. மனித முகம், வாத்து அலகு, உடம்பெல்லாம் எழுத்து. இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. நெடுங்காலம் இந்த எழுத்தில் நீளமான வாசகம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. 1986 நவம்பரில் வெராக்ரூஸ் மாநிலத்தில் லா மொஹார்ரா என்ற ஊருக்குப் பக்கத்தில் அகூலா ஆற்றுக்குள்ளிருந்து ஒரு கல்லைத் தூக்கினார்கள். நாலு டன் எடை, இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். பெரிய தலையலங்காரத்தோடு ஒரு தலைவன் நிற்கிறான். அவனைச் சுற்றி மேலிருந்து கீழாக நிரல் நிரலாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட குறிகள். இந்த எழுத்தில் கிடைத்த மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்தக் கல் அளவுக்கு வராது.

கல்லில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. ஒன்று கி.பி. 143 மே மாதம், இன்னொன்று 156 ஜூலை. தேதிகளைப் படிப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. புள்ளி ஒன்று, கோடு ஐந்து. எண் முறை தெரிந்ததுதான். எண்களுக்கு நடுவே இருக்கும் வாக்கியங்கள்தான் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தை வாசித்தபோது அப்பாவின் நோட்டு நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். அதிலும் கேஜும் சுற்றும் யாரும் படிக்கலாம்.

*

1993-இல் 'சயின்ஸ்' இதழில் ஜான் ஜஸ்டெசன், டெரன்ஸ் காஃப்மன் என்ற இருவர் இந்த எழுத்தைப் படித்துவிட்டதாக அறிவித்தார்கள். இவர்களைக் கற்பனைக் குதிரை ஓட்டுகிறவர்கள் என்று தள்ளிவிட முடியாது. காஃப்மன் நடு அமெரிக்க மொழிகளின் வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். ஓல்மெக்குகள் பேசியது மிஹெ-ஸொக்கெ குடும்பத்து மொழியாக இருக்க வேண்டும் என்று 1976-இலேயே லைல் கேம்பெலோடு சேர்ந்து வாதிட்டவர். 'கக்காவ்' போன்ற சொற்கள் அந்தக் குடும்பத்திலிருந்துதான் அக்கம்பக்கத்து மொழிகளுக்குப் போயின என்பது அவர்கள் காட்டிய தடயங்களில் ஒன்று. நாம் சாக்லேட் டப்பாவில் பார்க்கும் கொக்கோவின் மூலச் சொல் அது. அந்த மொழிகளை இன்றும் வெராக்ரூஸ், வஹாகா, சியாபாஸ் பக்கம் மக்கள் பேசுகிறார்கள்.

எழுத்தின் காலத்தில் அந்த மொழி எப்படி இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கட்டி எழுப்பி, அதன் இலக்கணத்தைக் குறிகளின் மேல் பொருத்திப் பார்த்தார்கள். அடிக்கடி சொல்லின் இறுதியில் வரும் குறி ஓர் இலக்கண விகுதியாக இருக்கலாம், முன்னால் வருவது ஓர் இலக்கண முன்னொட்டாக இருக்கலாம். இப்படியே ஒவ்வொன்றாக அடுக்கி, கல்லிலிருந்து ஒரு கதையை எடுத்தார்கள். ஒரு தலைவன் பட்டத்துக்கு வருகிறான். போர்கள், சூரிய கிரகணம், வெள்ளியின் தோற்றம், தன் உடம்பைக் குத்தி இரத்தம் சிந்தும் சடங்கு. மைத்துனன் ஒருவன் கலகம் செய்கிறான்.

மைத்துனன்! ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கல்லில் ஒரு குடும்பச் சண்டை. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எழுத்து என்பது இதற்காகத்தானே. செத்துப்போனவன் நம்மிடம் பேச வேண்டும். அதுவும் வீட்டு விஷயத்தைப் பேச வேண்டும்.

*

என் வேலையில் ஒரு சொல் உண்டு: ஓவர்ஃபிட்டிங். தெரியாதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒரு பையன் பத்து வருஷக் கேள்வித்தாளை விடைகளோடு மனப்பாடம் செய்கிறான். அந்தப் பத்துத் தாளில் எதைக் கொடுத்தாலும் நூற்றுக்கு நூறு. பதினொன்றாவது தாளைக் கொடுத்தால் முழிக்கிறான். அவன் கணக்குக் கற்கவில்லை, தாளைக் கற்றிருக்கிறான். கணினிக்குக் கற்பிக்கும்போதும் இதேதான் நடக்கும். இருக்கும் தரவு கொஞ்சம், இழுத்துச் செருகுவதற்கு நம் கையில் உள்ள விதிகள் நிறைய என்றால், எதையும் எதோடும் பொருத்திவிடலாம். அதனால் ஒரு பங்கு தரவை முன்கூட்டியே எடுத்துப் பூட்டி வைப்போம். கற்பிக்கும்போது அதைக் காட்டவே கூடாது. எல்லாம் முடிந்தபின் அதை வைத்துத்தான் சோதனை.

நானும் ஒரு முறை இதில் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு கணிப்பு நிரல் எங்களிடம் இருந்த தரவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. கைதட்டினார்கள். வாடிக்கையாளரிடம் போன முதல் வாரமே பாதிக்குப் பாதி தப்பு. சோதனைக்கென்று பூட்டி வைத்த தரவை, "ஒரு தடவை பார்த்தா என்ன" என்று நான்தான் இடையில் திறந்து பார்த்துச் சரிசெய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

லா மொஹார்ரா கல்லின் வாசிப்புக்கும் சோதனை வந்தது. ஒன்றல்ல, இரண்டு. கல்லின் பக்கவாட்டில் தேய்ந்துபோன ஒரு நிரல் இருப்பது பின்னால் தெரியவந்தது. தங்கள் வாசிப்பை அதில் பொருத்திப் பார்த்த ஜஸ்டெசனும் காஃப்மனும் பொருந்துகிறது என்று 1997-இல் எழுதினார்கள், அதே 'சயின்ஸ்' இதழில். அப்புறம் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து ஒரு கல் முகமூடி வெளியே தெரிந்தது. தியோதிஹுவாக்கான் பாணியில் செய்தது. அதன் பின்பக்கம் இதே எழுத்தில் ஒரு நீண்ட வாசகம். ஸ்டீஃபன் ஹூஸ்டனும், நான் முதலில் படித்த புத்தகத்தின் ஆசிரியரான அதே மைக்கேல் கோவும், 1993-இல் கொடுக்கப்பட்ட ஒலிகளையும் பொருள்களையும் எடுத்து அப்படியே முகமூடியில் போட்டுப் பார்த்தார்கள். பொருளுள்ள எதுவும் வரவில்லை. இஸ்துமிய எழுத்து உண்மையில் படிக்கப்பட்டுவிட்டதா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்களின் பதில், இல்லை.

கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒன்றுக்கு ஒன்று என்று முடித்துவிட முடியாது. முதல் சோதனையைச் செய்தவர்கள் வாசிப்பை உருவாக்கியவர்களே. நிரல் எழுதியவனே அதைச் சோதிக்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் பாலபாடம். அவன் நேர்மையானவனாக இருந்தாலும் சரி, அவன் கை தானாகவே வேலை செய்யும் பொத்தான்களைத்தான் அழுத்தும். இரண்டாவது சோதனையிலும் குறை இருக்கிறது. அகழாய்வில் கிடைக்காமல் சேகரிப்பாளரிடமிருந்து வந்த பொருள் அந்த முகமூடி. எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஜஸ்டெசனும் காஃப்மனும் தங்கள் வாசிப்பைக் கைவிடவும் இல்லை. இந்தத் தேடலின் பக்கத்திலேயே 1990களில் காஃப்மன் மாணவர்களையும் மொழியியலாளர்களையும் ஊர் ஊராக அனுப்பி, அழிந்துகொண்டிருக்கும் மொழிகளுக்கு அகராதி சேர்க்கும் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கினார். கல்லில் இருக்கும் சொல்லைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் உயிரோடிருக்கும் பாட்டிகளிடம் கேட்க வேண்டும். அந்த அகராதிகள், கல்லின் வாசிப்பு நின்றாலும் விழுந்தாலும் நிற்கும்.

2025 ஜனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துக்காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு முதல்வர் அறிவித்தார். அதிலிருந்து என் நண்பர்கள் யாராவது ஒரு தீர்வை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபடி இருக்கிறார்கள். எல்லாத் தீர்வும் அதை எழுதியவர் காட்டும் பத்து முத்திரைகளில் பிரமாதமாக வேலை செய்கிறது. முன்பெல்லாம் ஆவலாகப் படிப்பேன். இப்போது ஒரே கேள்விதான் கேட்கிறேன்: பதினொன்றாவது?

*

சோதனையில் தேறிய கதை ஒன்றும் இதே நிலத்தில் இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கதை.

1939-இல் மேத்யூ ஸ்டர்லிங் என்ற தொல்லியலாளர் த்ரெஸ் ஸபோத்தெஸ் என்ற இடத்தில் ஓர் உடைந்த கல்லைக் கண்டெடுத்தார். கீழ்ப்பாதி மட்டும். அதில் ஒரு நெடுங்கணக்குத் தேதி. இந்தக் கணக்கு ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பதை ஐந்து இலக்கங்களில் சொல்லும். மேலே உள்ள முதல் இலக்கம்தான் பெரியது, ஒன்றுக்கு 1,44,000 நாள், கிட்டத்தட்ட 400 வருஷம். கல் உடைந்ததில் போனது அந்த முதல் இலக்கம்தான். மிஞ்சியது 16, 6, 16, 18. அதன் கீழே நாளின் பெயர்: 6 எட்ஸ்நாப்.

கணக்கைச் செய்தவர் அவர் மனைவி மேரியன். விடுபட்ட இலக்கம் 7 என்றார். அப்படியானால் அந்தக் கல் கி.மு. 32-ஐச் சேர்ந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்த மாயா தேதிகளுக்கெல்லாம் முந்தையது. மாயாக்களைத் தவிர வேறு யாரும் அவர்களுக்கு முன்னால் இதை எழுதியிருக்க முடியாது என்று நம்பிய அறிஞர்கள் ஏற்கவில்லை. எரிக் தாம்சன் மறுத்தே எழுதினார். பிற்காலத்தில் க்னோரோஸோவையும் மறுத்த அதே தாம்சன்.

மேரியன் சொன்னதை நானும் ஒரு நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். நாளின் பெயரில் இரண்டு பாகம். 1 முதல் 13 வரை ஓர் எண், இருபது பெயர்களில் ஒன்று. இரண்டும் தினமும் ஒவ்வொன்றாக நகரும். 1,44,000-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி இல்லை. எனவே முதல் இலக்கம் எதுவானாலும் பெயர் எட்ஸ்நாப்தான். 13-ஆல் வகுத்தால் மீதி 12. அதாவது முதல் இலக்கம் ஒன்று கூடினால் நாளின் எண் ஒன்று குறையும். 7 என்று வைத்தால் 6 எட்ஸ்நாப் வருகிறது. 8 என்று வைத்தால் 5, 6 என்று வைத்தால் 7. கல்லில் இருப்பது 6. முடிந்தது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றும் சரியா என்று பார்ப்பதற்காகவே இருக்கிறதே, அதே தந்திரம்தான். தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சிற்பி தன் தேதிக்கு ஒரு பூட்டையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறான்.

ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்துக் கல்லின் மேல்பாதியும் அதே ஊரில் கிடைத்தது. கண்டெடுத்தவர் உள்ளூர் விவசாயி ஒருவர். உடைந்த இடத்தில் ஒரு கோடு, இரண்டு புள்ளி. ஏழு.

முப்பது வருஷமாக மண்ணுக்குள் பூட்டி வைத்திருந்த சோதனைத் தரவு! மேரியன் அதைத் திறந்து பார்த்துத் தன் விடையைத் திருத்தியிருக்க வழியே இல்லை.

*

போன வருஷம் ஆடி மாதம் மணி அண்ணன் கூப்பிட்டார். கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார்.

"தம்பி, பழைய மாவுமில்லு மோட்டாரு பொட்டிக்குள்ள அப்பா நோட்டு ஒண்ணு கெடக்குதுங்க. உங்களுக்கு வேணுமின்னு சொன்னீங்களே."

அந்த வாரமே போனேன். அட்டை போய், ஓரமெல்லாம் வார்னிஷ் ஏறி மஞ்சளாக இருந்தது. 2004 ஜூனில் தொடங்கி 2005 டிசம்பரில் முடிகிறது. கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து புரட்டினேன். டிக் இருந்தது. முக்கோணம் இருந்தது. நான் படித்த ஆறு குறிகளும் அதே வேலையைத்தான் செய்தன. இரண்டு கோடு போட்ட பெயர்களுக்கெல்லாம் சில பக்கம் தள்ளி டிக். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மூன்றாம் பக்கத்தில் வாலுள்ள வட்டம். ஐந்தாம் பக்கத்தில் இன்னொன்று. ஞாயிறு, திங்கள். ஒன்றரை வருஷத்தில் 56 முறை. ஏறக்குறைய அதே வேகம்.

2004-இல் நான் பத்தாம் வகுப்பு. வீட்டில்தான் இருந்தேன். தினமும் அப்பாவின் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்துக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. அவருக்கு போன் செய்ய எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

அடுத்து என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டியூஷன் பணம் கட்டிய நாளாக இருக்குமோ? நான் கடைக்கு வந்து கம்பி பிடித்துக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளா? அப்போது அதைக் குறித்தவர், நான் ஊரைவிட்டுப் போனபின் அதே குறியைப் போனுக்கு மாற்றிக்கொண்டிருப்பாரோ? அது சாத்தியம்தானே, 'மகன்' என்பதுதானே அந்தக் குறியின் பொருள்? ஸ்டூலில் உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் இத்தனையையும் யோசித்துவிட்டேன். புது விதி, அதற்கு ஒரு விலக்கு, விலக்குக்கு ஒரு காரணம். அப்புறம்தான் என் கை எந்தப் பொத்தானை அழுத்துகிறது என்று பார்த்தேன்.

இரவு வீட்டில் பழைய கணக்கைத் திறந்தேன். அந்த நாட்களில் நான் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வீட்டுக்குப் பேசியிருக்கிறேன். பேசிய நாளும் மறுநாளும் என்று இடம் கொடுத்தால் வாரத்தில் ஐந்து நாள் என் வலைக்குள் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு தேதிகளை எறிந்திருந்தாலும் 74-இல் 50-க்கு மேல் உள்ளே விழுந்திருக்கும். எனக்கு 63 விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதல். இதைக் கணக்குப் போட எனக்கு மூன்றரை வருஷம் ஆகியிருக்கிறது. வேறு யாராவது இதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன்.

எக்செல் தாளில் ஏழாவது குறிக்கு எதிரே 'நான்' என்று போட்டிருந்தேன். அதை அழித்தேன்.

*

ஓல்மெக்குகளின் எழுத்தாக இருக்கலாம் என்று சொல்லப்படும் கல் ஒன்று இருக்கிறது. கஸ்கஹால் கல். 1990களின் கடைசியில், ஸான் லொரென்ஸோவுக்குப் பக்கத்தில், சாலை போடுவதற்காகத் தோண்டிய சரளைக் குவியலிலிருந்து எடுத்தது. 2006-இல் 'சயின்ஸ்' இதழில் அதைப் பற்றி எழுதினார்கள். பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு பச்சை நிறப் பாறைத் துண்டு. கூடவே கிடந்த பானை ஓடுகளை வைத்துக் கி.மு. 900 வாக்கில் இருக்கும் என்கிறார்கள். குவியலில் கிடைத்ததால் அந்தக் காலக் கணிப்பைச் சந்தேகிக்கிறவர்களும் உண்டு. அதில் 62 குறிகள், 28 விதம். சோளக்கதிர் மாதிரி ஒன்று, பூச்சி மாதிரி ஒன்று. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் குழிந்திருக்கிறது. முன்பு எழுதியதைத் தேய்த்து அழித்துவிட்டு அதன்மேல் திரும்ப எழுதியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். கல்லைத் தேய்த்து அழித்து எழுதுவது லேசான காரியமில்லை. எதையோ சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று யாரோ மெனக்கெட்டிருக்கிறார்.

இந்த எழுத்தில் நீளமான வாசகம் என்று இன்னொன்று கிடைத்ததில்லை. மரத்திலும் பட்டையிலும் எழுதியிருந்தால் அந்த ஈர மண் விட்டு வைத்திருக்காது. எனவே யார் அதற்கு என்ன பொருள் சொன்னாலும் மறுக்க முடியாது, நிரூபிக்கவும் முடியாது. அதன் இரண்டாவது நோட்டு எந்த ஆற்றுக்கடியிலாவது இருக்கலாம். இல்லாமலும் போகலாம். முன்பு இந்தக் கல்லின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். இப்போது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைக்க முடிகிறது.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் அம்மாவிடம் சொன்னேன். அது நான் பேசிய நாள் இல்லை, தப்பாகப் படித்துவிட்டேன் என்று. அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் சாமி. அவரு அதையெல்லாம் எழுதி வெக்கற ஆளில்ல."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"நீ அழுதுட்டு இருந்தே. எப்பிடிச் சொல்றது."

கொஞ்ச நேரம் கீரைதான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு அவளாகவே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம எட்டு மணியானா டிவி சத்தத்தக் கொறச்சு வெச்சுருவாரு. நான்கூட ஏன்னு கேட்டதில்ல. நீ கூப்புட்டு வெச்சப்பறம் திருப்பிக் கூட்டிக்குவாரு."

அது எத்தனை ஞாயிறு, எந்த வருஷத்திலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உருவிய காம்புகளை முறத்திலிருந்து எடுத்துக் கொண்டுபோய் வாசலில் கொட்டிவிட்டு வந்தேன்.